ஆதண்டை பூத்த வேலி

போன மாதம் என் மகன் என்னை மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போனான். வெள்ளைக்காரர்களுக்காக நடத்துகிற ஓட்டல். மெனு அட்டையில் எனக்குப் புரிந்தது தண்ணீர் மட்டும்தான். அவனே பீட்சா ஒன்று சொன்னான். அதன்மேல் அங்கங்கே பச்சையாகச் சின்னச் சின்ன உருண்டைகள் கிடந்தன. சுண்டைக்காயில் பாதி இருக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உப்பு, புளிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு காரல். எங்கேயோ தின்ற காரலாக இருந்தது.

"என்னடா இது?"

"கேப்பர்ஸ்மா. காய் இல்ல, பூமொட்டு."

போனை எடுத்துப் படித்தான். மத்தியதரைக் கடலோரத்தில், மழையே பார்க்காத பாறை இடுக்குகளில் தானாக முளைக்கிற முட்புதராம். வெள்ளையாகப் பூக்குமாம். பூக்க விடாமல் மொட்டிலேயே பறித்து உப்பில் போட்டுவிடுவார்களாம். படத்தைக் காட்டினான். நான்கு வெள்ளை இதழ், நடுவில் பூனை மீசை போல நீளநீளமாக இழைகள். நான் போட்ட சத்தத்தில் சர்வர் ஓடி வந்துவிட்டான். "இது நம்ம ஆதண்டைடா!" என்றேன். மகன் இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு, ஆதண்டை வேறு, இது வேறு, ஆனால் ஒரே குடும்பம், பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை மாதிரி என்றான். வீட்டுக்கு வரும்வரை நான் பேசவில்லை. எனக்குப் பீட்சா ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவனுக்குக் கவலை.

இதை நம் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிற கூட்டத்துக்கு. சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும். ஆனால் நடுவில் குறுக்கிட்டு, "அவங்க ஏன் எதிர்த்துக் கேக்கல?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அப்போது நாங்கள் புதுப்பட்டினத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் வரைபடப் பிரிவில் வேலை. நாங்கள் தென்காசிப் பக்கம். மலையும் சாரலும் பார்த்து வளர்ந்தவர்களைக் கொண்டுவந்து இந்த உப்புக் காற்றில் உட்காரவைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், டிரான்சிஸ்டர் துருப்பிடிக்கும், அம்மாவின் இட்லிக்கொப்பரை மூடியின் பிடிகூடத் துருப்பிடித்துக் கழன்றது. அம்மா அதற்கெல்லாம் அப்பாவைத்தான் திட்டுவாள். கடலைத் திட்டி என்ன செய்ய?

வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. அவளை அத்தை என்றே சொல்கிறேன். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் கணவரை இழந்தவள். அதற்குப் பிறகு ஊரில் பெரியப்பா வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால், அங்கே அடுப்படியில் இருந்தாள். பெரியப்பா வீடு பெரிய வீடு. நாளெல்லாம் பந்தி மாதிரி ஆட்கள் வந்து போவார்கள். அத்தை வாசற்படி தாண்டியது கோயிலுக்கு மட்டும்தான், அதுவும் பின்வாசல் வழியாக. எங்கள் அம்மாவுக்கு டைபாய்டு வந்தபோது உதவிக்கென்று அவளைக் கூட்டி வந்தார் அப்பா. அம்மா தேறிய பிறகும் அத்தை திரும்பிப் போகவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை.

எங்கள் வீட்டில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். வயர் கூடை பின்னக் கற்றுக்கொண்டாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தப் பச்சையும் வெள்ளையுமான பிளாஸ்டிக் வயர் கூடை. அது இல்லாமல் நாம் எந்த பஸ்ஸில் ஏறினோம்? குவார்ட்டர்ஸ் முழுக்க அத்தை பின்னிய கூடைதான் காய்கறி சுமந்தது. விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடப்பாள். தண்ணீரில் கால் வைக்க மாட்டாள், பயம். சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். "தினமும் என்னத்தப் பாக்க?" என்று கேட்டால், "ஒண்ணையும் பாக்கலட்டி, நிக்கேன்" என்பாள். நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்ததே அவளுக்குப் பெரிதாக இருந்தது என்று இப்போது புரிகிறது. அன்று எனக்குக் கால்தான் வலித்தது.

அந்தப் பொங்கலுக்கு வந்த பெரியப்பா, சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "லீவு விட்டதும் வந்து இவளக் கூட்டிட்டுப் போறேன். ஒம் மதினிக்கு முட்டு வலி. வீட்டுல கைக்கு ஆளில்ல." அப்பா தலையாட்டினார். அப்பாவுக்குத் தன் அண்ணன் எதிரில் ஆட்டுவதற்குத் தலை மட்டும்தான் உண்டு. நான் அடுப்படிக்கு ஓடினேன். அத்தை தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள். "போவியா?" என்றேன். "போன்னா போகணும்லா" என்றாள். அன்றைக்குத் தயிர் உறையவே இல்லை. உறைமோருக்குப் பதில் வடித்த கஞ்சியை ஊற்றியிருக்கிறாள்.

பங்குனி பிறந்ததும் வேலி பூத்தது.

குவார்ட்டர்ஸுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே முள்கம்பி வேலி ஒன்று உண்டு. கம்பி தெரியாதபடிக்கு ஒரு புதர் அதன்மேல் ஏறிக் கிடந்தது. வருஷமெல்லாம் தூசி படிந்து, ஆடு கூடச் சட்டை செய்யாத புதர். பங்குனியில் திடீரென்று வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கும். அத்தை அதன் எதிரில் நின்றுவிட்டாள். அந்த நேரம் பால்காரம்மா கேனோடு வந்தாள்.

"இது என்ன செடிம்மா?" என்று கேட்டாள் அத்தை.

"இதுவா? ஆதண்டைமா. கிட்ட போவாத, கொக்கி முள்ளு. பொடவைய புட்ச்சிதுன்னா வுடாது."

"ஆதண்டையா? வத்தல் போடுவாகளே, அதா?"

"ஆங், காய்ச்சா வத்தல்தான். இப்பத்தான பூத்துகினு கீது."

"பூ அழகா இருக்கு. பறிக்க மாட்டியளா?"

பால்காரம்மா சிரித்துவிட்டாள். "இத்தப் போயி எவ பறிப்பா? சாமிக்கும் வெக்கறதில்ல, தலைக்கும் வெக்கறதில்ல. வேலிக்குன்னு வுட்டு வெச்சிக்கீறாங்க. இதெல்லாம் பூ கணக்குல சேராதுமா."

அவள் போன பிறகும் அத்தை அங்கேயே நின்றாள். "பூ கணக்குல சேராதாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு வேலியை நோக்கிக் கையை நீட்டினாள். முள் முதலில் புடவையைப் பிடித்தது, பிறகு மணிக்கட்டைக் கீறியது. அவள் கையை இழுக்கவில்லை. ஒரே ஒரு பூவைக் கிள்ளி மோந்து பார்த்தாள். மல்லிகை மாதிரி தேடி வருகிற வாசனை இல்லை அது. மூக்கோடு வைத்தால்தான் உண்டு, எடுத்தால் இல்லை. எனக்கும் காட்டினாள். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கொண்டைக்குக் கீழே, கழுத்தை ஒட்டி, வெளியில் தெரியாத இடத்தில் செருகிக்கொண்டு முந்தானையை இழுத்து மூடினாள்.

"அத்தை, நீ பூ வைக்கலாமா?" என்று கேட்டேன். எனக்கு எல்லா விதிகளும் தெரியும். அந்த வயதில் பெண்குழந்தைக்கு விதிகள்தான் முதலில் தெரிகின்றன.

"பூவா? இது வேலிட்டி" என்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு குறும்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு பூ. காலையில் வைத்துக்கொள்வாள், மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போது எடுத்துச் சாம்பலோடு போட்டுவிடுவாள். கையிலும் புறங்கையிலும் கீறல் ஏறிக்கொண்டே போனது. அம்மா கேட்டதற்கு வயர் கிழித்தது என்றாள்.

இனி செங்கல்பட்டுக்காரர். அப்பாவின் பிரிவில் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர். தனி ஆள், மெஸ் சாப்பாடு. அப்பா இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட அழைப்பார். செங்கல்பட்டிலிருந்து வந்தவர் என்பதால் வீட்டில் அதுவே பேராகிவிட்டது. அப்பா 'தம்பி' என்பார், நான் 'மாமா' என்பேன். அவரைப் போலக் கூச்சப்படுகிற மனிதரை நான் அப்புறம் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டார். எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அம்மா, "சாம்பார் ஊத்தட்டுமா?" என்றால் கடிகாரத்தைப் பார்த்து, "ஊத்துங்கக்கா" என்பார். கெட்டுப்போன டிரேசிங் தாளைச் சுருட்டி எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். மொடமொடவென்று, கீழே இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிகிற அந்தத் தாளை இப்போது எங்கே தேடுவது?

வீட்டில் அத்தை அவர் எதிரில் வந்ததே கிடையாது. அம்மா பரிமாறுவாள். ரசம் மட்டும் அத்தை வைப்பது, கொதியடங்காமல் வர வேண்டும் என்று அவளே அடுப்படி நிலைவரை கொண்டுவந்து நீட்டுவாள். கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கையும் ஒரு சட்டியும் தெரியும். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பழக்கம்.

ஒரு ஞாயிறு எல்லோருமாக மாமல்லபுரம் போனோம். அவரும் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து உளிச் சத்தம்தான். சிற்பப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தலை, புருவம், மீசை எல்லாம் கல்தூசி படிந்து நரைத்திருந்தது. மீசை முளைக்காத பையன்கூடக் கிழவனாக உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தான். அத்தை அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். தெருவில், சத்தமாக. அம்மா முழங்கையால் இடித்தாள். தண்ணீர்க் கூஜா வைத்த கூடையை நான் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கூடை அத்தை பின்னியது. இது பின்னால் எவ்வளவு பெரிய சாட்சியாகப் போகிறது என்று தூக்கியவருக்கும் தெரியாது, பின்னியவளுக்கும் தெரியாது.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். ஆதண்டைப் பூவுக்கு ஒரு குணம் உண்டு. விரியும்போது பால் வெள்ளை. வெயில் ஏற ஏற நிறம் மாறும். மாலையில் நல்ல ரோஸ் ஆகிவிடும், மீசை இழைகள் உட்பட. தினமும் மத்தியானமே எடுத்துப் போட்டுவிடுவதால் எங்களுக்கே அது சரியாகத் தெரியாது.

அதற்கடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குச் செங்கல்பட்டுக்காரர் வந்து போனார். வேலை அதிகம், அத்தை பூவை எடுக்க மறந்துவிட்டாள். விளக்கேற்றும் நேரத்தில் தண்ணீர்க் குடத்தை இறக்கக் குனிந்தவளின் கழுத்திலிருந்து அது தரையில் விழுந்தது. அம்மாவின் காலடியில் ரோஸ் நிறத்தில் கிடந்தது.

அம்மா அதை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"வேலியில பறிச்சேன் மதினி."

"எந்த வேலி?"

"தோப்பு வேலி. நம்ம வத்தல் ஆதண்டை இருக்குல்லா, அதோட பூ."

"தினமும் ஜன்னல்ல நின்னு பாக்கேன், அந்த வேலி வெள்ள வெளேர்னு பூத்துக் கெடக்கு. இது ரோஸ்."

"காலைல வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்றேன் நான். "நானும் பார்த்தேன்மா. அது மாறிடுச்சு!"

"நீ வாய மூடு. அத்தைக்குப் பரிஞ்சுகிட்டு வந்துட்டா. வெள்ளைப் பூ ரோஸாகுமாம், வத்தல்ல பூ பூக்குமாம்!"

அம்மாவை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. ஆதண்டங்காய் வற்றலை வாழ்நாளெல்லாம் வறுத்தவள் அவள். எண்ணெய் எந்தப் பதத்தில் இருக்கும்போது போட வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அது பொட்டலத்தில் வருகிற சாமான். அதற்குச் செடி உண்டு, பூ உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முட்புதருக்கு நடுவில் போய்ப் பார்க்கிற பழக்கமும் இல்லை, பாம்பு பயம். ஆகவே அவள் கணக்குப்படி, ரோஸ் நிறத்தில் ஒரு பூ வீட்டுக்குள் வந்திருக்கிறது. அத்தை கடைக்குப் போகிறவள் இல்லை. ஆகவே யாரோ கொடுத்திருக்க வேண்டும். அன்று வீட்டுக்கு வந்த ஆண்பிள்ளை ஒருவர்தான்.

அப்பாவும் அம்மாவும் கூடத்தில் குசுகுசுவென்று பேசினார்கள். பேச்சில் கூடை வந்தது. கையில் கீறல் வந்தது. மாமல்லபுரத்துச் சிரிப்பு வந்தது. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனது. உண்மை மட்டும்தான் எதோடும் பொருந்தாமல் தனியாக நின்றது.

"அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டு ஒடனே வரச் சொல்லிடுதேன்" என்றார் அப்பா.

"அதுக்கு முன்ன அந்தப் பையனக் கேளுங்க. நாளைக்கு வெளிய தெரிஞ்சா யாரு தலை குனியது?" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க அத்தை வெளியே போகவில்லை. கடலும் இல்லை, வேலியும் இல்லை. கூடை பின்னவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், போட்டதைச் சாப்பிட்டாள். தன்னுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை மடித்து அடுக்கினாள். பெரியப்பா வீட்டுக்குப் போகத் தயாராகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அத்தை போகக் கூடாது. அதற்கு ஒரே வழி, பூ நிறம் மாறும் என்று நிரூபிப்பது. அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் நானே வேலிக்குப் போனேன். கவுனைக் கிழித்துக்கொண்டு, கையில் இரத்தத்தோடு ஒரு வெள்ளைப் பூவைப் பறித்து வந்தேன். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு, கூடத்து ஜன்னலில் திரைக்குப் பின்னால் வைத்தேன். மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். மத்தியானம் ஓரங்களில் லேசாகச் சிவப்பு ஏறியது. சாயங்காலம் முழு ரோஸ். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அன்று செங்கல்பட்டுக்காரரைச் சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை. மாலை வரச் சொல்லியிருந்தார் அப்பா. வழக்கம்போலச் சுருட்டிய தாளோடு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா அடுப்படி நிலையில் நின்றாள். அத்தை உள்ளே இருட்டில் இருந்தாள்.

"தம்பி, எனக்குச் சுத்தி வளச்சுப் பேச வராது" என்று ஆரம்பித்தார் அப்பா. "என் தங்கச்சிக்குப் பூ குடுத்தது நீதானா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னா பூ சார்?"

"ரோஸ் கலர்ல. நார் நாரா நீளமா இருந்துச்சு. வேலியில பறிச்சேன்னு சொல்லுதா. நீ உள்ளதச் சொல்லிடு. எதுவா இருந்தாலும் நாளைக்கு எங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. அதுக்கு மேல பேச்சு வேண்டாம்."

நான் திரையை விலக்கித் தம்ளரைக் கையில் எடுத்தேன். செங்கல்பட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். முதலில் தம்ளரைப் பார்த்தார், பிறகு என் கைக் கீறலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது. கடிகாரத்தை விட்டுவிட்டு, முதல் தடவையாக அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆமா சார். நான்தான் குடுத்தேன்."

"பொய்!" என்று கத்திக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். "மாமா பொய் சொல்றார். அது வேலியிலதான் பூத்துச்சு. இதோ பாருங்க..."

நான் முடிக்கவில்லை. அத்தை கூடத்துக்கு வந்துவிட்டாள். வெளி ஆண் இருக்கிற கூடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. என் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். "இவரு சொல்லுதது நெசமா?"

அத்தை செங்கல்பட்டுக்காரரைப் பார்த்தாள். ரசச் சட்டிக்கு அப்பால் அந்த முகம் இருந்ததை அன்றுதான் முழுசாகப் பார்த்திருப்பாள்.

"ஆமாண்ணே. அவுகதான் குடுத்தாக."

அப்பா ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் 'இல்லை' என்ற பதிலுக்கு. நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். செங்கல்பட்டுக்காரர்தான் மறுபடி பேசினார்: "உங்களுக்குச் சம்மதம்னா எங்க வூட்லேர்ந்து வந்து பேசச் சொல்றேன் சார். கூட்டிகினு போறது யாருன்னு அப்பால முடிவு பண்ணிக்கலாம்." அவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு, "காப்பி ஆறுது" என்றாள், போடாத காப்பியை.

பெரியப்பா வந்தபோது எதிர்த்து நின்றது அப்பா அல்ல, அதே அம்மாதான். "தாலி கட்டுதேன்னு ஒருத்தன் எம் வீட்டுக் கூடத்துல உக்காந்து சொல்லியிருக்கான். நீங்க அடுப்புக்கு ஆள் தேடி வந்திருக்கீக. எதுக்கு நான் அனுப்பணும்?" என்று கேட்டாள். பெரியப்பா சாப்பிடாமல் பஸ் ஏறினார். ஜாதி என்ன என்று கேட்க உங்களில் சிலருக்கு வாய் துறுதுறுக்கும், தெரியும். ஒரே ஜாதி, வேறு பிரிவு. அந்த வேறு பிரிவுக்கே பெரியப்பா சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. திருப்போரூர் முருகன் சந்நிதியில் தாலி கட்டினார்கள். செங்கல்பட்டில் வாழ்ந்தார்கள். இரண்டு பிள்ளைகள். சண்டை போடுவார்கள், ரசத்தைப் பற்றி. அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. அத்தை இருக்கிறாள், காது மந்தம்.

அவர் இருக்கும்போதே ஒருநாள் கேட்டேன்: "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? உங்களுக்குத் தெரியாதா அது வேலிப் பூன்னு?"

"தெரியாம இன்னா? நான் ஆதண்டைக்கு நடுவுலயே பொறந்து வளந்தவன். ரசம் நீட்டுற கையில கீறல் இருக்கும்ல, அது கொக்கி முள்ளு கீறினதுன்னு அப்பவே தெரியும். பூ கலரு மாறும்னும் தெரியும்."

"அப்போ அதைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்கப்பா நம்பியிருப்பாரு. நல்ல பொண்ணுன்னு சொல்லி மறுநாள் ரயிலேத்தி அனுப்சியிருப்பாரு."

இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. என் தம்ளர் அவள் பெயரைக் காப்பாற்றியிருக்கும். அவளைக் காப்பாற்றியிருக்காது. நல்ல பெயரோடு அந்த அடுப்படிக்குத் திரும்பிப் போயிருப்பாள். ஒன்பது வயதில் நான் உண்மையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் என்னைவிட வேகமாக ஒரு பொய்யைச் சொல்லி முந்திக்கொண்டார். அதற்காக அவரை எத்தனை தடவை கும்பிட்டாலும் தகும்.

அப்பா கடைசிவரை, தான் ஒரு காதலைக் கண்டுபிடித்துச் சேர்த்துவைத்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். "எங்கிட்டயே மறைச்சாகல்லா, நான் விடுவேனா?" என்பார். அத்தையும் மாமாவும் தலையைக் குனிந்துகொள்வார்கள். வெட்கம் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

பொய் சொன்ன அன்று மாலை மாமா விடைபெற்றுக்கொண்டு செருப்பு மாட்டப் போனார். அப்பா வாசல்வரை போனார். அத்தை என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். திட்டப் போகிறாள் என்று பயந்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தரையில் மண்டியிட்டு என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, அவுக பேரு என்னட்டி?"

நான் உரக்கச் சொன்னேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள். வாசலில் செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவுக்குப் போகும்வரை பொத்திக்கொண்டே இருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.